மேற்கோளும் அதன் மறுபாதியும்



நம்மில் ஒவ்வொருவருக்கும் மனத்துக்கு உகந்த மொழி ஒன்று உண்டு. ஒருவர் வாய் திறந்தால் “சிறு துளி பெரு வெள்ளம்” என்பார்; மற்றொருவர் “விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்பார். சங்கக் கட்டடங்களின் சுவர்களிலும் இத்தகைய வாசகங்கள் எழுதப்படுவதுண்டு. அனுபவ முதிர்ச்சியிலே பிறந்த இம்மொழிகள் பொய்ப்பன அல்ல. ஆயினும், ஒரு மொழியில் நமக்கு அனுகூலமான பாதியை எடுத்துக்கொண்டு, நம் கடமையைக் கூறும் பாதியை விட்டுவிடுதல் மனித இயல்பு. சங்கம் நிலைப்பதும் நசிப்பதும் அவ்விதம் விடப்பட்ட பாதியைப் பொறுத்தவை என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காகவும் ஒருவர்

இது ரைபைசன் வழிவந்த சங்கங்கள் தம் கொள்கையாகக் கொண்ட வாசகம். ரைபைசன் 1818-ம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தவர். 1846-47-ல் நேர்ந்த பஞ்சத்தின்போது அவர் வையர்புஷ் பகுதிக் கிராமங்களுக்குத் தலைவராக இருந்தார். ஏழைகள் பசியால் வாடக்கண்டு, வசதியுள்ளோரிடம் பொருள் திரட்டி, பொது அடுப்பில் ரொட்டி சுட்டு, பின்னர் விலை செலுத்தும் நிபந்தனையின்மேல் வழங்கச் செய்தார். செல்வர் தரும் தருமத்தை மட்டும் நம்பி நெடுநாள் நிற்க இயலாது என்பதை அனுபவத்தால் தெளிந்து, 1864-ல் ஹெட்டஸ்டார்பில் நிறுவிய கடன் சங்கத்தில், உதவி பெறுவோரே பொறுப்பும் ஏற்கும்படி ஏற்பாடு செய்தார்.

கடன் மனு எழுதும் நாளில் இம்மொழியின் முதற்பாதி நமக்கு இனிக்கிறது. இரண்டாம் பாதி தவணை நாளில் நினைக்க வேண்டியது. 1904-ம் ஆண்டின் ஐக்கிய நாணய சங்கச் சட்டப்படி கிராமச் சங்கங்கள் பொதுவாக வரையறையற்ற பொறுப்பின்மேல் அமைந்தன. சங்கம் கலைக்கப்பட்டு, அதன் ஆஸ்தி கடன்களுக்குப் போதாமற்போனால், குறையை அங்கத்தினர் தத்தம் சொந்த உடைமையிலிருந்து ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. பிறர் வைத்த பாக்கியால், கடனே வாங்காத ஓர் அங்கத்தினரின் அரைக் காணி நிலமும் ஆபத்துக்குள்ளாகும். பிற்காலத்தில் வரையறுத்த பொறுப்புள்ள சங்கங்கள் பெருகியபோதிலும் உண்மை மாறவில்லை. ஒருவர் திருப்பிக் கட்டாத பணம், அடுத்த பருவத்தில் மற்றொருவருக்கு விதைக்கும் எருவுக்கும் கிடைக்காத பணமாகும்.

2. விரலுக்குத் தகுந்த வீக்கம்

அயலான் தன் மகள் கல்யாணத்தை ஆடம்பரமாக நடத்தினால் இம்மொழியைச் சொல்லுகிறோம். இதைச் சொல்ல வேண்டிய இடம் நம்முடைய கடன் மனுவே. சாகுபடிச் செலவும் குடும்பச் செலவும் போக ஒரு குடியானவருக்கு வருஷத்துக்கு 60 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். 300 ரூபாய்க் கடனில் அசலைத் தீர்க்கவே அவருக்கு 5 வருஷங்கள் ஆகும். ஒரே அறுவடையில் தீர்ப்பதாக அவர் எழுதிக்கொடுத்தால், தவணை நாளில் லேவாதேவிக்காரரிடம் கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டி, மறுநாள் சங்கத்தில் புதுக்கடன் வாங்கி அவருக்குக் கட்ட வேண்டியதாகும். கணக்குப் புத்தகத்தில் கடன் தீர்ந்ததாகத் தோன்றும். வீட்டிலோ கடனும் இருக்கும், கைமாற்று வட்டியும் சேரும்.

3. தாட்சணியம் தன நாசம்

இது பஞ்சாயத்தார் அடிக்கடி கூறும் மொழி. ஆனால் கடன் அனுமதிக்கும்போது சிலர் “ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்பதுபோல் நடந்து, வசூலிக்கும்போது எளியவரிடம் மட்டும் கண்டிப்புக் காட்டுகின்றனர். மழை பொய்த்து விளைவு கெட்டவரின் நிலத்தை நேரிற் கண்டு, தவணை தீருமுன் கெடுவை நீட்டித்தல் தாட்சணியமன்று, நியாயம். விளைவை விற்ற பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாதவரை, மைத்துனர் என்றோ மிராசுதார் என்றோ விட்டுவிடுவதே தாட்சணியம். கண்டிப்பு முதலில் பஞ்சாயத்தாரின் சொந்தப் பாக்கியிலிருந்து தொடங்குமாயின், ஊரார் அதை மதிப்பர்.

4. சிறு துளி பெரு வெள்ளம்

இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் சேர்த்து, 1844-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி ஒரு சிறு கடை திறந்தனர். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. குறைந்த கூலி பெற்ற அவர்கள் அத்தொகையைச் சில்லறைக் காசுகளாகவே சேர்த்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலிய சிலவே அவர்களிடமிருந்த சரக்கு. இவ்வரலாற்றைக் கூறுவோர் பலரும் துளியைக் கூறி, பாத்திரத்தைக் கூற மறக்கின்றனர். அவர்கள் கடனுக்கு விற்பதில்லை என்று விதி வைத்துக் காத்தனர். துளி விழும் பாத்திரத்தில் ஓட்டை இருந்தால் வெள்ளம் எங்கிருந்து வரும்? நம் வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் பிடியரிசி எடுத்து வைப்பதும் இந்த முறையே. நாள்தோறும் எடுப்பதும், எடுத்ததை இடையில் தொடாதிருப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தாலன்றிச் சேமிப்பு இல்லை.

முடிவுரை

கிராமக் கடனைத் தீர்க்கும் வழியை ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்த ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன், சென்னை மாகாண சர்க்காருக்கு அளித்த அறிக்கை 1895, 1897-ம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியாயிற்று. அதன் முடிவில் அவர் ரைபைசனைத் தேடிக் காணுமாறு கூறினார். சட்டத்தையும் மூலதனத்தையும் விடத் தக்க மனிதரே முதலில் வேண்டும் என்பது இதன் கருத்தாகக் கொள்ளப்படுகிறது. இதைப் படிக்கும் நாம் அத்தகையவர் வெளியூரிலிருந்து வருவார் என்று காத்திருத்தல் தகாது. தவணை நாளில், யாரும் வந்து கேளாமுன் சங்கத்துக்கு நடந்து சென்று கட்டுபவர், தம் அளவில் அம்மனிதரே ஆவார்.

அடுத்த கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்:

1. நீங்கள் அடிக்கடி சொல்லும் மொழி யாது? அதன்படி நீங்கள் நடந்ததற்குச் சங்கக் கணக்கில் சாட்சி உண்டா?

2. நம் சங்கத்தின் தவணை தவறிய பாக்கிகளில், கட்ட இயலாதவை எவை, கட்ட மனமில்லாதவை எவை?

3. கைமாற்று வாங்கித் தீர்த்த கடன்கள் எத்தனை? அவற்றுக்குத் தவணையை எவ்வாறு வகுத்திருக்க வேண்டும்?