எளிய செலவில் சொந்த ஊர்த் திருமணம்

(நோணாங்குப்பத்தை முன்வைத்து ஒரு பாடம்)

இல்லறத்தின் தொடக்கம் திருமணம். அத்தொடக்கமே கடனாக அமையுமாயின், புதுமணத் தம்பதியர் தம் முதற்சில ஆண்டுகளை வட்டி கட்டுவதிலேயே கழிக்க நேரிடும். ஐந்து இலட்சம் ரூபாயை, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். மாத வட்டி 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். நான்கு ஆண்டு இரண்டு மாதங்களில் வட்டி மட்டுமே அசலுக்குச் சமமாகிவிடும்; அப்போதும் அசல் அப்படியே நிற்கும். விருந்துண்டவர்கள் அதனை மறந்து பல காலம் ஆகியிருக்கும். இக்கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு பாடத்திற்குள் நுழைவோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் நோணாங்குப்பம். செஞ்சிப் பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும் இடத்தில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரு கிளைகளாகப் பிரிகிறது. அச்சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ள படகுக் குழாம் இவ்வூரை வெளியூரார்க்கும் அறிமுகப்படுத்தியுள்ளது. புதுவைக் கடற்கரை விடுதிகளில் மணவிழா நடத்துவதற்கென்றே தொலைவிலிருந்து வந்து பெரும்பொருள் செலவிடுவோர் இன்று பலர். அவர்கள் தேடி வரும் ஆறும் கடலும் இவ்வூராருக்கு வீட்டு வாசலிலேயே உள்ளன. எனவே, பணி நிமித்தம் வெளியூர் சென்று வாழும் குடும்பத்தார் தம் பிள்ளைகளின் திருமணத்தைச் சொந்த ஊரில் நடத்த விரும்புவது இயல்பே.

ஆயினும், சொந்த ஊரில் செலவு தானாகவே குறைந்துவிடும் என்று எண்ணுவது பாதி உண்மையே ஆகும். தங்குவதற்கு உறவினர் வீடுகள் உண்டு. காய் நறுக்கவும் பந்தி பரிமாறவும் கைகள் உண்டு. ஆனால், நகரத்தில் அழைப்பிதழ் யாருக்கு என்பதை நாம் முடிவு செய்கிறோம். ஊரிலோ தெருவே உறவு. ஒரு வீட்டை அழைத்து அடுத்த வீட்டை விட இயலாது. ஆட்களைக் குறைக்க இயலாத இடத்தில் எதனைக் குறைப்பது? வேளைகளைக் குறைக்கலாம் என்பதே இப்பாடத்தின் மையக் கருத்து.

1. எல்லை வகுத்தல்

பெரும்பாலான இல்லங்களில் முதலில் நாள், பிறகு மண்டபம், பிறகு நகை என்று முடிவு செய்து, இறுதியில் பணத்தைத் தேடுகிறார்கள். இவ்வரிசையை மாற்ற வேண்டும். இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை என்பது, "இவ்வளவே போதும்" என்று முன்னரே அளவு வகுத்துக்கொண்டு அதனைக் கடவாதிருத்தல் ஆகும். பொருளை ஈட்டுவதற்கு மட்டுமன்றி, செலவிடுவதற்கும் அவ்வளவு பொருந்தும்.

நிலத்தை விற்காமலும் வீட்டை அடகு வைக்காமலும் இரு வீட்டாரும் தரக்கூடிய தொகை எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதுக. அதில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குக. எஞ்சியதே திருமணத் தொகை. வரவிருக்கும் மொய்ப்பணத்தை இக்கணக்கில் சேர்த்தலாகாது. மொய் வருமானம் அன்று. நாளை அவரவர் இல்ல விழாவில் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. மொய்யை நம்பிக் கடன் வாங்குவோர், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனை ஏற்கின்றனர்.

2. வேளைக் கணக்கு

முற்காலத்தில் பல நாள் நீடித்த மணவிழா இன்று ஒன்றரை நாளாகச் சுருங்கியுள்ளது. எனினும் முதல் நாள் மாலை வரவேற்பு, இரவு விருந்து, மறுநாள் காலைச் சிற்றுண்டி, நண்பகல் விருந்து என மூன்று வேளை உணவு நடைபெறுகிறது. கணக்கின் பொருட்டு, விருந்துக்கு இலை ஒன்றுக்கு 200 ரூபாய், சிற்றுண்டிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 பேருக்கு மூன்று வேளையும் அளித்தால் 2,00,000 ரூபாய் ஆகும்.

அதே 400 பேரையும் அழைத்து, அனைவருக்கும் நண்பகல் விருந்து மட்டும் அளித்து, நெருங்கிய சுற்றத்தார் 100 பேருக்குக் காலைச் சிற்றுண்டியும் அளித்தால் 90,000 ரூபாயே ஆகும். 1,10,000 ரூபாய் மீதம். அழைக்கப்படாதவர் என்று எவரும் இல்லை. எவர் மனமும் புண்படவில்லை. வரவேற்பு மேடை அலங்காரம், மின்விளக்கு, இன்னிசைக் கச்சேரி ஆகிய செலவுகளும் உடன் நீங்கும்.

இரவுணவை நீக்கிய நம்மவர்க்கு இவ்வேற்பாடு புதியதன்று. காலையில் முகூர்த்தம், நண்பகலில் விருந்து, பிற்பகலில் தாம்பூலம் என்று பகற்பொழுதிலேயே விழாவை நிறைவு செய்தால், கதிரவன் மறையுமுன் உறவினர் பேருந்தில் ஏறி ஊர் திரும்பலாம். புதுச்சேரி–கடலூர்ப் பேருந்துகள் செல்லும் சாலையிலேயே ஊர் இருப்பதால் தனி வாகனம் அமர்த்தும் தேவையும் குறைகிறது.

சிறிய விழா மதிப்புக் குறைவு என்று அஞ்சுவோர் 2020ஆம் ஆண்டை நினைவுகூர்க. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு மே மாதத்தில் திருமண விருந்தினர் 50 பேருக்கு மிகலாகாது என நடுவணரசு வரையறுத்தது. அன்று மணந்தோரின் இல்லறம் அதனால் எவ்வகையிலும் குறைவுபடவில்லை.

3. நாளும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இக்கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 செண்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஆற்றங்கரை ஊரில் அம்மாதங்களில் வீட்டு வாசலில் பந்தல் போடுவது துணிச்சலே அன்றிச் சிக்கனம் அன்று. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும், வாசற்பந்தலே போதுமானது.

மண்டபம் தேவையாயின், ஞாயிறு அல்லாத முகூர்த்த நாளை நாடுக. வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டு வந்துவிடலாகாது. மின்கட்டணம், மின்னாக்கிக்கான டீசல், பாத்திரம், எரிவாயு, துப்புரவு, வரி ஆகியவை வாடகையில் அடங்குமா, தனியா என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். கணக்கு மீறுவது பெரும்பாலும் இச்சிறு தலைப்புகளிலேதான்.

4. விருந்து

நூறு பேர் உண்ணும் விருந்துக்கு ஏறக்குறைய 10 முதல் 12 கிலோ அரிசி போதும். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளை நீக்கிச் சமைப்பதால் செலவு கூடுவதில்லை. பூசணி, புடலை, அவரை, வாழைக்காய், முருங்கை ஆகியன அப்பருவத்தில் மலிவாகக் கிடைப்பனவற்றுள் தேர்ந்தால் செலவு குறையும். இனிப்பு ஒன்று போதும்; மூன்று இனிப்பு வைத்த இலைகளில் இரண்டு எறியப்படுவதைக் காண்கிறோம். சிறிதளவாகப் பரிமாறி, வேண்டுவோர்க்கு மீண்டும் பரிமாறுதல் சிறந்த முறை. எஞ்சும் உணவைப் பொழுது சாயுமுன் ஏற்றுக்கொள்ளும் முதியோர் இல்லம் ஒன்றிடம் முன்கூட்டியே பேசிவைத்தல் நலம். பண்டக அறையின் திறவுகோல் ஒருவரிடமே இருத்தல் வேண்டும்.

5. நகையும் சீரும்

ஒரு சவரன் 8 கிராம். 22 காரட் நகையில் தூய தங்கம் 91.6 விழுக்காடு. தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ஆகியனவும் சேரும். எனவே, திருமணத்திற்கு மட்டும் அணிந்து பெட்டியில் பூட்டப்படும் நுண்வேலை நகையில், செய்கூலியாகவும் சேதாரமாகவும் போகும் பணம் திரும்புவதில்லை. தாயின் நகையை அப்படியே அணிவிப்பது மரபுக்கும் உகந்தது; செலவும் இல்லை. புதிதாக வாங்குவோர், 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள ஆறு இலக்கத் தனி அடையாள எண் நகையில் உள்ளதா எனக் காண்க.

மணமகன் வீட்டார் கேட்டுப் பெறும் தொகையைச் செலவுத் திட்டத்தில் ஓர் இனமாக எழுதுவோர் இன்றும் உளர். அது செலவு அன்று, குற்றம். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்போரையும் வாங்குவோரையும் தண்டிக்கிறது. மனமுவந்து அளிக்கும் அன்பளிப்புகளுக்குப் பொருள், மதிப்பு, அளித்தவர் பெயர், உறவு ஆகியவற்றைக் குறித்துப் பட்டியல் எழுத வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அப்பட்டியல் மணமகளுக்குப் பாதுகாப்பு.

6. பதிவு

புதுச்சேரியில் 1963 முதல் நடைமுறையில் உள்ள இந்து திருமணச் சட்டம் சமணரையும் உள்ளடக்கியது. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. வயதுச் சான்று, முகவரிச் சான்று, அழைப்பிதழ், மணமேடைப் புகைப்படம் ஆகியவற்றை ஓர் உறையில் சேர்த்து வைத்துக்கொண்டால், பின்னர் அலைச்சலும் வீண்செலவும் இரா. மணமக்களுள் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராயின் (புதுவைக் குடும்பங்களில் இஃது அரிதன்று), அந்நாட்டுத் தூதரக அலுவலகத்தில் செய்ய வேண்டியவற்றைச் சில மாதங்களுக்கு முன்னரே தொடங்க வேண்டும்.

சிந்தித்தற்குரியன

அ. நம் இல்லத்தில் இறுதியாக நடைபெற்ற திருமணத்தில் எத்தனை வேளை உணவு அளித்தோம்? அவற்றுள் எது தவிர்க்கத்தக்கது?

ஆ. கடன் வாங்கியிருந்தால், இதுவரை செலுத்திய வட்டி எவ்வளவு? அதில் எத்தனை ஆண்டுக் கல்விச் செலவு அடங்கும்?

இ. செலவின் அளவை முடிவு செய்தபோது மணமக்களின் கருத்து கேட்கப்பட்டதா?

மூன்றாம் வினா முதன்மையானது. கடனைச் சுமக்கப் போகிறவர்கள் அவர்களே. ஆகவே, எல்லை வகுக்கும் தாளில் இரு வீட்டுப் பெரியோர்களோடு மணமக்களும் அமர்ந்து கையெழுத்திடுவது முறை. அக்கம்பக்கத்தாரின் பேச்சு ஒரு வாரம் நிற்கும். கடனோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஊரார் வாழ்த்தொலியோடு, எவரிடத்தும் கைகட்டி நிற்கும் நிலையின்றி நம் பிள்ளைகள் இல்லறம் புக ஆவன செய்வோமாக.