நோயாளியின் பக்கத்தில் இருப்பவரை யாராவது கேட்டார்களா?

பக்கவாத நோயாளி ஒருவரை என் அறைக்குள் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடி பார்ப்பது நோயாளிக்கு. ஆனால் ஓரக்கண்ணால் நான் கவனிப்பது, கூட வந்தவரை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாரா? கண்ணுக்குக் கீழே கருவளையமா? நான் பத்தியம் சொல்லச் சொல்ல, 'இது வேறயா?' என்று ஒரு பெருமூச்சு வருகிறதா? இதையெல்லாம் வைத்தே, அந்த நோயாளி எழுந்து நடப்பாரா, படுக்கையிலேயே கிடப்பாரா என்று பாதி ஊகித்துவிடலாம். மருந்து என்னுடையது. அதை வேளை தவறாமல் உள்ளே இறக்குகிற கை அவருடையது அல்லவா?

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள். மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, நோயாளியின் பக்கத்திலேயே இருந்து கவனிப்பவர். நாங்கள் கல்லூரியில் முதல் மூன்றைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தோம். நாலாமவரைப் பற்றி ஒரு பரீட்சைக் கேள்விகூட வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை!

ஊருக்கு ஆஸ்பத்திரித் திட்டம் போடும்போதும் இதே கதைதான். எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எவ்வளவு மருந்து என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்று கூறு வந்துவிட்டது. நாலாவது? 'வீட்டில் யாராவது பார்த்துக்குவாங்க' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 'யாராவது' யார், அவரால் முடியுமா, அவருக்கு என்ன தேவை என்று அவரிடமே கேட்பதில்லை. கேட்க வைப்பது எப்படி என்பதைத்தான் இந்த இதழில் உங்களோடு பேசப் போகிறேன்.

விழுந்தது அவர், வலி இவருக்கு!

இடுப்பு வலிக்குத் தைலம் கேட்டு ஓர் அம்மா வந்தார். வயது 58. "எப்போதிலிருந்தும்மா வலி?" என்று கேட்டேன். "அவரு விழுந்ததிலேருந்து சார்" என்றார். விழுந்தது கணவர். பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தவர். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து அரை மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார். மீதி நேரமெல்லாம் கணவரைத் தூக்கி உட்கார வைத்தது, புரட்டிப் படுக்க வைத்தது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போனது இந்த அம்மாதான். "எப்படித் தூக்கணும்னு எனக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா? பயிற்சியெல்லாம் அவருக்குத்தானே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தைலம் கொடுத்தேன். தொக்கணம் செய்தோம். வலி குறைந்தது. ஆனால் வீட்டுக்குப் போனால் மறுபடி அதே பாரம். அப்புறம் என் தைலம் என்ன செய்யும், சொல்லுங்கள்?

அடுத்த முறை அவர் வந்தபோது செய்முறையைச் சொல்லிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருந்தால், கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியைத் தூக்கக்கூடாது, உருட்ட வேண்டும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நீங்கள் நில்லுங்கள். உங்களுக்கு எதிர்ப்புறமுள்ள அவருடைய முழங்காலை மடித்து வையுங்கள். அந்தப் பக்கத்துக் கையை மார்பின் குறுக்கே போடுங்கள். பிறகு ஒரு கை தோளிலும் மற்றொரு கை இடுப்பிலும் வைத்து, உங்களை நோக்கி மெதுவாகச் சாய்த்தால், பாதி வேலையை அவர் உடம்பின் எடையே செய்துவிடும். மேலே நகர்த்த வேண்டுமானால், நாலாக மடித்த பெட்ஷீட்டை முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் போட்டு, இரண்டு பேராக இரண்டு பக்கமும் பிடித்து நகர்த்துங்கள். கட்டிலின் உயரம் உங்கள் இடுப்பளவுக்கு இருக்கட்டும். குனிந்து குனிந்து செய்வதுதான் முதுகைக் கெடுப்பது. (இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதை மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும். டிஸ்சார்ஜ் செய்யும் அன்று ஆஸ்பத்திரியிலேயே செய்து காட்டிவிடலாம். ஏன் செய்வதில்லை? திட்டம் போட்ட மேஜையைச் சுற்றி இந்த அம்மாவைப் போல ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. அதுதான் காரணம் என்பேன். உட்கார்ந்திருந்தால், முதல் பத்து நிமிஷத்தில் கேட்டிருப்பார்!

மத்திய அரசு 2024-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவிகிதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவிகிதம். அப்படி ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 140 நிமிடமும், ஆண்கள் 74 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். இதில் குழந்தை வளர்ப்பும் அடக்கம்தான். என்றாலும் யார் தலையில் பாரம் இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

மலப்புரத்தில் நடந்தது

பக்கத்து மாநிலத்துக்குப் போய் வருவோம். கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் அதற்கு முன்நின்றவர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் சிகிச்சை கிடைத்தது. வர முடியாமல் வீட்டில் கிடந்தவர்கள்? அந்தக் கேள்விதான் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரையே பயிற்சி கொடுத்து இறக்கிவிட்டது. வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கக்கூடிய சாதாரண ஜனங்கள்தான். அவர்கள் வீடு வீடாகப் போய், நோயாளியோடும் அவரைப் பார்த்துக்கொள்பவரோடும் உட்கார்ந்து பேசினார்கள்.

பேசியபோது என்ன தெரிந்தது? வலிக்கு மாத்திரை மட்டும் போதாது. சில வீடுகளில் அரிசி இல்லை. சில வீடுகளில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டதால் பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. டாக்டர்கள் மட்டும் கூடித் திட்டம் போட்டிருந்தால் அரிசியும் பள்ளிக்கூடமும் அதில் வந்திருக்குமா? மலப்புரத்தில் வந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டு, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வீடு தேடிப் போகும் செவிலியரை ஏற்பாடு செய்தது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு மாதத் தொகையும் உண்டு. சில நூறு ரூபாய்தான். அதுவும் மாதக்கணக்கில் நிலுவை நின்றதுண்டு என்பதால், அங்கே எல்லாம் பொன்னாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'இப்படி ஒருவர் இருக்கிறார்' என்று அரசாங்க ஏட்டில் ஏறியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளையும் பிசியோதெரபியையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம். வருகிற செவிலியர் நோயாளியின் பிரஷரை எழுதிக்கொள்ளும்போது, "ராத்திரி எத்தனை தரம் எழுந்தீங்க? உங்க முதுகு எப்படி இருக்கு?" என்று பக்கத்தில் நிற்கும் மருமகளையும் கேட்டு எழுதினால், அடுத்த வருஷத் திட்டத்துக்கு அதைவிட நல்ல புள்ளிவிவரம் வேறு வேண்டாம்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

ஓரளவுக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல், சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கும் பெற்றோரும் குடும்பத்தாரும் 'பராமரிப்பாளர்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெற்றோர் சங்கங்களின் பிரதிநிதிகள் மூன்று பேருக்கு அதன் வாரியத்தில் இடம் ஒதுக்கினார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் உரிய சட்டம் அது. தங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று தூக்கம் கெட்ட பெற்றோருக்குத் திட்டம் போடுகிற இடத்திலேயே நாற்காலி கிடைத்தது.

ஆனால் பக்கவாதம் வந்தவரின் மனைவிக்கும், மறதி நோய் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் அப்படி ஒரு நாற்காலி இல்லை. கிராம சுகாதாரக் குழுவுக்கான தேசிய வழிகாட்டு நெறியில் நாள்பட்ட நோயாளிகளுக்கும் இடம் தர வேண்டும் என்று இருக்கிறது. சரி, எழுந்திருக்கவே முடியாத நோயாளி எப்படிக் கூட்டத்துக்கு வருவார்? அவருக்குப் பதில் மாத்திரை வாங்க வருகிறவரைக் குழுவில் சேருங்கள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். பிரிட்டனில் பார்த்துக்கொள்பவரின் நிலைமையைத் தனியாக மதிப்பிட 1995-லேயே சட்டம் செய்தார்கள். இங்கிலாந்தில் 2022-ல் வந்த சட்டம், சுகாதார ஏற்பாடுகளைத் திட்டமிடும்போது நோயாளிகளோடு அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கலக்கச் சொல்கிறது. அங்கேயும் தானாக வரவில்லை, பார்த்துக்கொள்பவர்கள் சங்கம் சேர்ந்து வருஷக்கணக்கில் கேட்டார்கள்.

"நம்ம வீட்டு விஷயத்தை வெளியே சொல்றதா?"

இந்த இடத்தில்தான் நம் நடுத்தரக் குடும்பங்கள் தயங்கும். "மாமியாருக்கு டயாபர் மாத்தறது கஷ்டமா இருக்குன்னு ஊர் நடுவுல போய்ச் சொல்ல முடியுமா டாக்டர்? ஜனங்க என்ன நினைப்பாங்க?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கடமையைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம். எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்கிறோம். அது தாகத்தைக் குறை சொல்வதா? மாமியாரைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. தொடர்ந்து பார்த்துக்கொள்ள உங்கள் இடுப்பும் தூக்கமும் மிஞ்ச வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்?

இன்னொரு சங்கடமும் உண்டு. கூட்டம் என்றால் வீட்டிலிருந்து போவது யார்? பெரும்பாலும் ஆண்பிள்ளை. அம்மாவுக்கு மத்தியான மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாத மகன் போய், "எங்க வீட்ல ஒரு பிரச்னையும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வருவார். பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன், அவருக்கு நிஜமாகவே தெரியாது. செய்கிற கைதான் பேச வேண்டும். ஐயாமார்களே, கூட்டம் நடக்கிற அந்த இரண்டு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் மனைவியை அனுப்புங்கள்.

ஒரு வாரம், ஒரு நோட்டு

கூட்டத்துக்குப் போவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாரம் எழுதினால் போதும். இரவில் எத்தனை தரம் எழுந்தீர்கள், எத்தனை தரம் புரட்டிப் படுக்க வைத்தீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்கு எவ்வளவு ஆயிற்று, எதற்காக லீவு போட்டீர்கள், யார் எந்த நேரத்தில் வந்தார்கள், அந்த நேரம் உங்களுக்குத் தோதுப்பட்டதா... இவ்வளவுதான். புலம்பல் வேண்டாம், கணக்கு மட்டும். 'ரொம்பக் கஷ்டம்' என்று சொன்னால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 'ஏழு ராத்திரியில் 31 தரம் எழுந்தேன்' என்றால் எழுதிக்கொள்வார்.

அடுத்து, தெருவில் உங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று பேரைத் தேடுங்கள். இருப்பார்கள். ஒருவர் கேட்டால் அது சொந்தக் கதை. நாலு பேர் கையெழுத்துப் போட்டால் அது ஊர்த் தேவை.

கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் பார்த்துக்கொள்பவருக்கு அரை மணி நேரச் செய்முறை. படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குச் செவிலியர் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்வது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு சக்கர நாற்காலி, ஒரு காற்று மெத்தை, இரவல் தருவதற்கு. மாதம் ஒரு நாள், நாலு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் வந்து நோயாளியோடு இருப்பது. அந்த நாலு மணி நேரத்தில் நீங்கள் போய் உங்கள் சொந்தப் பிரஷரைப் பார்த்துக்கொண்டு வரலாம்!

எங்கே கேட்பது? கிராமத்தில் கிராம சபை. ஆண்டுக்கு 4 நாளாக இருந்ததை 2022-ல் 6 நாளாக உயர்த்தினார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்ட வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குவது வழக்கம் என்பதால், அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று அது முதல்முறையாக நடந்தது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டால் அடுத்தது எப்போது என்று தெரியும். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. அங்கேயும் ஒரு பிரதி கொடுங்கள். மனுவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுக் கூட்டத்துக்கே போக முடியவில்லையா? பக்கத்து வீட்டுக்காரரிடம் மனுவைக் கொடுத்து அனுப்புங்கள். 'என் கணவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் என்னால் நேரில் வர முடியவில்லை' என்பதை அந்த மனுவின் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.