எரிமலை இல்லாத ஊருக்கு எரிமலையால் என்ன?

கேள்வி: மருந்துவாழ்மலை பழைய காலத்து எரிமலை என்று எங்கள் ஊரில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? 2004-இல் குளச்சலில் ஏறி வந்த கடலும் எரிமலை வேலைதானா? எங்கோ வெடிக்கும் எரிமலை நாஞ்சில் நாட்டை என்ன செய்துவிடும்?
– வாசகர், பூதப்பாண்டி

பதில்: மருந்துவாழ்மலை எரிமலை அல்ல. நம் மாவட்டத்துக் குன்றுகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியவை. மேலே கிடந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, இன்று வெளியே தெரிகின்றன. குவாரியில் உடைத்த கல்லைத் திருப்பிப் பாருங்கள். பல கற்களில் சிவப்புப் பொட்டு தெரியும். அது கார்னெட். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடப்பதும் அதேதான்.

2004 சுனாமிக்குக் காரணம் சுமத்ரா அருகே கடலுக்கடியில் வந்த நிலநடுக்கம். ஆனால் எரிமலைக்கும் அதற்கும் உறவு உண்டு. இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு கிழக்கே அடுத்த தட்டுக்கு அடியில் செருகுகிறது. அந்தச் செருகலில்தான் நிலமும் நடுங்குகிறது. அந்தமானின் பேரன் தீவு முதல் ஜாவா, சும்பாவா வரை எரிமலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன.

அந்த வரிசையில் கிரகட்டோவா 1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்துச் சிதறியது. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, கடல். அன்று இலங்கையின் காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கித் திரும்பியது. மேல்வானக் காற்று தூசியை மேற்கே இழுத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் பூமியைச் சுற்றி வந்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது! ஒரே அளவுள்ள நுண்துகள்கள் சிவப்பு ஒளியைச் சிதறடித்து, பச்சையையும் நீலத்தையும் விட்டுவைத்ததன் விளைவு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்தச் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்து எழுதினார். பிற்பாடு கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானவர் அவரே.

நாஞ்சில் நாட்டு விவசாயி கவலைப்பட வேண்டியது எரிமலை கக்கும் கந்தகத்தைப் பற்றி. சாம்பல் சீக்கிரம் கீழே படிந்துவிடும். கந்தக வாயு மழைமேகங்களுக்கும் மேலே போய்விட்டால், நுண்துளிகளாக மாறி ஓரிரு வருடம் வெயிலைத் தடுக்கும். அப்போது கடலைவிட நிலம் வேகமாகக் குளிரும். பருவக்காற்றை உள்ளே இழுப்பதே நிலத்தின் சூடுதான். அது குறைந்தால் மழையும் தளரும்.

1815 ஏப்ரலில் சும்பாவா தீவின் தம்போரா வெடித்தபோது நடந்தது இது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் கெட்டு, பஞ்சம் வந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்த மேரி ஷெல்லி 'பிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கினார். இந்தியாவிலும் 1816-இல் பருவமழை தாறுமாறானது. 1817-இல் வங்கத்தில் கிளம்பிய காலரா, மறு வருடமே சென்னையையும் இலங்கையையும் எட்டியது. மழை தவறியதுதான் அந்த நோய்க்கு வழிவிட்டது என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள்; முடிந்த வழக்கு அல்ல.

எல்லா எரிமலையும் மழையைக் கெடுப்பதில்லை. கந்தகம் நிறைய வேண்டும், அது உயரப் போகவும் வேண்டும். தம்போரா அளவில் ஒன்று நாளை வெடித்தால், உங்கள் ஊரில் சாம்பல் விழாது. சுனாமி அபாயம் இருந்தால் ஹைதராபாத்திலுள்ள எச்சரிக்கை மையம் சொல்லிவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது கன்னிப்பூ சாகுபடிக்கு இடவப்பாதி மழை எவ்வளவு விழுகிறது, பேச்சிப்பாறையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான்.