ஃபோர்டு யார் ஆட்சியில் போனது?

நம்பிக்கை: தொழிற்சாலை வருவதும் போவதும் முதல்வரைப் பொறுத்தது.

2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. தி.மு.க. ஆட்சிக்கு வந்து அப்போது நாலு மாதம். வந்தவுடன் கம்பெனியை விரட்டிவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்ப அது போதுமானதாக இருந்தது. ஆனால் அதே அறிவிப்பில் குஜராத்தின் சானந்த் ஆலையில் நடந்த கார் தயாரிப்புக்கும் மூடுவிழா. அங்கே ஆண்டது பா.ஜ.க. இந்தியாவில் பத்து ஆண்டுகளில் சேர்ந்த நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல். கணக்குப் பார்த்துக் கதவைச் சாத்தியது அமெரிக்கத் தலைமையகம். அதில் கோட்டைக்குப் பெரிய பங்கில்லை.

வந்த கதையும் அப்படித்தான். ஃபோர்டு ஜெயலலிதாவுக்கு, ஹூண்டாய் கருணாநிதிக்கு என்று மேடைகளில் பாகப்பிரிவினை நடக்கும். இருவரும் முயன்றார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் 1993இல் கார் தயாரிப்புக்கான லைசென்ஸ் முறையை மத்திய அரசு எடுத்திருக்காவிட்டால் இருவருமே டெல்லி வாசலில்தான் நின்றிருப்பார்கள். சென்னையைத் தேர்ந்தெடுக்கத் துறைமுகம் ஒரு காரணம். பாடியிலும், 1958இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையிலும், 1964இல் தொடங்கிய அம்பத்தூரிலும் உதிரிபாகம் செய்து பழகிய கைகள் இன்னொரு காரணம். காமராஜரும் பக்தவத்சலமும் ஆண்டபோது போட்ட விதை அது. 1971இல் பிறந்த சிப்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990களில் ஆண்டவர்கள் ரிப்பன் வெட்டினார்கள்.

நம்பிக்கை: அப்படியென்றால் யார் ஆண்டாலும் ஒன்றுதான்.

அதுவும் தப்பு. சிங்கூர் நிலத்தகராறில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இறங்கி வராததால், 2008 அக்டோபரில் நானோ கார் ஆலை மேற்கு வங்கத்தை விட்டுக் கிளம்பியது. சில நாட்களிலேயே சானந்தில் நிலம் கொடுத்தது குஜராத்.

நமக்கு நெருக்கமான உதாரணம் மின்வெட்டு. 2012இல் கோவையின் லேத் பட்டறைகளிலும் மோட்டார் பம்பு யூனிட்டுகளிலும் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. பெரிய ஆலைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓட்டின. நாலு பேரை வைத்து ஜாப் ஆர்டர் செய்துகொண்டிருந்தவர் என்ன செய்வார்? இரண்டு பேரை நிறுத்தினார். புதிய மின்நிலையம் கட்டி முடிக்க ஓர் ஆட்சிக்காலமே போதாது. ஆகவே அந்தப் பழியில் இரண்டு கழகங்களுக்கும் பங்குண்டு. மாநில அரசு நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டிய வேலையிழப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வருடங்கள்தான்.

நம்பிக்கை: வேலையின்மை விகிதம் குறைவாக இருந்தால் நல்லாட்சி.

2023-24க்கான மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் கேரளத்தின் வேலையின்மை 7.2 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 1 சதவீதம்தான். அப்படியானால் கேரளத்து இளைஞர்கள் போபாலுக்கு ரயிலேற வேண்டுமே! நடப்பது வேறு. வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் கூலி தேடிக் கேரளத்துக்கு வருகிறார்கள். குடும்ப வயலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்பவரும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர். படித்துவிட்டு, ஏற்ற வேலை கிடைக்கும்வரை காத்திருக்க முடிந்தவரே வேலையற்றவராகப் பதிவாகிறார். காத்திருக்க வீட்டில் கொஞ்சம் வசதி வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டை வைத்துச் சொல்லும் லட்சக்கணக்கும் இதே ரகம். தனியார் வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்காகப் பதிவைப் புதுப்பிப்பவர்கள் அதில் ஏராளம்.

நம்பிக்கை: ஒப்பந்தம் போட்டாயிற்று, வேலை வந்தாயிற்று.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் அறிவிக்கப்பட்ட தொகை 6.64 லட்சம் கோடி ரூபாய். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பணம் போட்டே தீரவேண்டும் என்று யாரையும் கட்டுப்படுத்தாத காகிதம். அதில் எத்தனைக்கு நிலம் ஒதுக்கப்பட்டது, எத்தனைக்கு மின் இணைப்பு கொடுக்கப்பட்டது, எத்தனை பேருக்குப் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். 2015, 2019 மாநாடுகளுக்கும் இதே கேள்விகள்தான். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இதற்கு வெள்ளை அறிக்கை கேட்பதில் இரண்டு கழகங்களுக்கும் வேற்றுமையே கிடையாது.