மருமகளுக்கு ஒரு கடிதம்: மிருகம் பார்க்கப் போகும் முன்

பதுளை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க நமுனுகுல மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற லீவில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் ரிதியகம சஃபாரி பார்க்குக்கு ஒருநாள் போய்வர ஆசைப்படுவதாக உன் அம்மா சொன்னாள். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், மாமா ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்று நீ கேட்டாயாம். என் வார்த்தை இதுதான்: தாராளமாகப் போய் வாருங்கள்.

பெரியவர்கள் மேல் கோபப்படாதே. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் கொடி பிடித்து, 2021இல்தான் அதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஒருநாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் அடுப்பு என்னவாகும் என்று பார்த்தே வயதானவர்களுக்கு, மிருகம் பார்க்கப் பஸ் ஏறுவது வீண்செலவாகத்தான் தெரியும். அதே சமயம் லயத்து வாழ்க்கை எனக்கும் தெரியும். ஒரு காம்பரா, ஒரு குசினி, நடுவில் ஒரு சேலை மறைப்பு. புதிதாகக் கட்டிய புருஷனும் பெண்சாதியும் மனம்விட்டு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் பீலிக்கரைக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் வாளியோடு ஆள் நிற்கும். மாப்பிள்ளை கொழும்புக் கடையில், நீ இங்கே. மாதத்தில் சேர்ந்திருக்கும் நாட்களும் வீட்டு வேலையிலும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்திலும் போய்விடுகின்றன. இரண்டு பேருக்கென்று ஒருநாளை ஒதுக்குவது ஆடம்பரமாகாது, அது குடும்பத்துக்குப் போடும் உரம். இதை உன் மாமியாரிடம் நானே பேசுகிறேன்.

இனி எங்கே போவது என்பது. ரிதியகம மோசமான இடம் இல்லை. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் ஏறத்தாழ 500 ஏக்கரில் 2016இல் திறந்தது. அரசாங்கத்தின் விலங்கியல் பூங்காத் திணைக்களம் நடத்துகிறது. சிங்கத்துக்கு ஒரு பகுதி, புலிக்கு ஒரு பகுதி, யானைக்கு ஒரு பகுதி என்று வேலி போட்டுப் பிரித்திருக்கிறார்கள். மிருகம் வெளியில் உலாவும், நாம் அடைத்த பஸ்ஸுக்குள் இருந்து பார்ப்போம். தெஹிவளையில் ஹேகன்பெக் என்ற ஜெர்மன்காரர் தொடங்கி 1936இல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட மிருகக்காட்சிச்சாலையில் சிங்கம் பார்த்த எங்கள் தலைமுறைக்கு, இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஆபிரிக்கச் சிங்கம் நம் மண்ணில் நிற்பது நாம் வேடிக்கை பார்ப்பதற்காகத்தான் என்பதை மறக்காதே. அது பகலில் பெரும்பொழுது தூங்கும் பிராணி. போனவர்களில் சிலர், காசு கொடுத்தோம் எழும்பட்டும் என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். நீங்கள் தட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் உடவளவைக்குப் போங்கள் என்பேன். பதுளையில் விடியற்காலை பஸ் எடுத்தால் எல்ல, வெல்லவாய, தனமல்வில என்று இறங்கிப் போகலாம். மலைக்குளிரில் போர்த்திய சால்வையை வெல்லவாயவில் மடித்துப் பையில் வைக்கும்போதே வேறு ஊருக்கு வந்தது தெரியும். உடவளவைத் தேசிய பூங்கா 1972இல் வந்தது. வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது இருப்பிடம் இழந்த மிருகங்களுக்காக ஒதுக்கிய காடு அது. அதன் ஒரு பகுதி நம் ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. உள்ளே போக ஜீப் பிடிக்க வேண்டும், கைச்செலவு கூடும். அது கட்டாயம் இல்லை. பக்கத்தில் வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இல்லம் இருக்கிறது. பஸ்காரரிடம் "எத் அத்துரு செவன" என்று கேட்டால் இறக்கிவிடுவார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். படிவரிசையில் உட்கார்ந்து வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க வேண்டும். கதவைத் திறந்ததும் குட்டிகள் சிலசிலவாக ஓடி வரும். வேலையாள் புனலை உயர்த்திப் பிடித்துப் பாலை ஊற்ற, குழாயின் நுனி குட்டியின் வாயில் இருக்கும். அளவுப் பால் முடிந்ததும் நகரச் சொல்வார்கள். சிலது நகராமல் இன்னொருமுறை வாயைத் திறந்துகொண்டு நிற்கும், தள்ளித்தான் அனுப்ப வேண்டும். பிறகு குவித்து வைத்த இலைதழைப் பக்கம் போய்விடும். அவ்வளவுதான், ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. தொட விடமாட்டார்கள், பால்போத்தலை நம் கையில் தரமாட்டார்கள். பின்னவல யானைகள் காப்பகத்தில் கிட்டப் போகலாமே, இங்கே ஏன் இப்படி என்று மாப்பிள்ளை கேட்கக்கூடும். காரணத்தைச் சொல்லு. இந்தக் குட்டிகள் மனிதனிடம் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது. ஐந்து வயதளவில் கூட்டமாகச் சேர்த்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காகத்தான் வளர்க்கிறார்கள். இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை திரும்பிப் போயிருக்கின்றன. லுணுகம்வெஹெர காட்டிலும் விட்டிருக்கிறார்கள். அந்தக் காட்டு நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கிரிந்தி ஓயா நம் பண்டாரவளைப் பக்கத்து மலையில் பிறக்கிறது. நம் மலையில் பெய்த மழையைத்தான் அவை குடிக்கின்றன.

அந்தக் குட்டிகளுக்குத் தாய் ஏன் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போ. வெடிபட்டுச் செத்த தாய், தீனிக்குள் மறைத்து வைத்த வாய்வெடியைக் கடித்துச் செத்த தாய். சில குட்டிகள் கிணற்றில் விழுந்தவை, கண்ணியில் மாட்டியவை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள். யானை தன் வழியில் வந்தால் பயிர் போகிறது, மனிதர் உயிரும் போகிறது. துவக்கை எடுத்தவன் வீட்டிலும் பசி இருந்திருக்கும். இரண்டு பக்கத்து நியாயத்தையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தக் குட்டியை முழுதாகப் பார்த்ததாகும்.

நம் ஊருக்கே இதில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பதுளை நகரத்து புனித மாற்கு தேவாலயத்தை நீ ஆயிரம் தடவை கடந்து போயிருப்பாய். அது மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டியது. பதுளையில் இருந்து ஆட்சி செய்த அவர் 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அன்றைக்கு யானை கொல்வது வீரம், காட்டை அழிப்பது அபிவிருத்தி. அப்படி வெட்டிய காட்டில்தான் கோப்பி போட்டார்கள், பிறகு தேயிலை போட்டார்கள். அந்தத் தேயிலைக்குக் கூடையைத் தூக்கியவர்கள் நம் முன்னோர். இந்த மலைகளில் யானை இல்லாமல் போனதும் நாம் இங்கே வந்து சேர்ந்ததும் ஒரே காலத்துக் கதை. நாம் செய்த பாவம் என்று சொல்லவில்லை. நமக்கும் யானைக்கும் அன்றைக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை என்று சொல்கிறேன்.

வழியில் ஒரு சோதனை வரும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். உடவளவை நீர்த்தேக்கக் கரையோரம் மின்வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய யானைகள் வந்து நிற்கும். ரோட்டில் போகிறவர்கள் பழம் நீட்டி நீட்டிப் பழக்கிவிட்ட யானைகள். வாகனத்தை நிறுத்தி, வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு புண்ணியம் செய்த மாதிரிப் போகிறார்கள். நீங்கள் ஒரு பழமும் கொடுக்கக் கூடாது. கதிர்காமத்துக்குப் போகும் புத்தள ரோட்டில் யானை வாகனத்தை மறித்துத் தும்பிக்கையை உள்ளே விடுவதை நம் ஆட்கள் எத்தனை பேர் கண்டு அலறியிருக்கிறார்கள்! பழம் கொடுத்துப் பழக்கியவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வருகிறவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். கடைசியில் கெட்ட பெயரும் வெடியும் யானைக்கு.

சோற்றை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போ. பொலித்தீன் லஞ்ச் சீட்டில் கட்டாதே, வாழையிலையில் கட்டு. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் செத்ததைப் பத்திரிகையில் நீயும் வாசித்திருப்பாய். ஒரே நாளில் ரிதியகமவையும் உடவளவையையும் பார்த்துவிட ஓடாதே, பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். பால் கொடுக்கும் நேரத்தில் ஒரு படம் எடுத்துக்கொள், பிறகு போனைப் பைக்குள் போடு. மாப்பிள்ளையின் கொழும்புக் கஷ்டத்தை அன்றைக்காவது கேள், உன் மனதில் இருப்பதையும் அவரிடம் சொல்லு. தனிக்காணி, தனிவீடு, பிள்ளையின் படிப்பு என்று பேச எவ்வளவோ இருக்கிறது. வீட்டுக்குறையைத் தூக்கிக்கொண்டு போய் வழியெல்லாம் சண்டை பிடிக்காதீர்கள்.

மிருகம் நமக்கு டிக்கெட் எடுத்துப் பார்க்கும் காட்சி மட்டும் இல்லை, மருமகளே. குளவி கொட்டி உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். பன்றிக்குக் கட்டும் கம்பிக் கண்ணி நம் மலைகளில் எங்கே இருக்கும் என்று கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் அப்படி ஒரு கண்ணியில் அரிதான கருஞ்சிறுத்தை மாட்டியது. சிகிச்சைக்கு உடவளவைக்கு, நீங்கள் போகும் அதே யானைக்குட்டிகள் இல்லத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். சில நாட்களில் செத்துப்போனது. தோட்டத்தில் கட்டிய கம்பி உடவளவையில் ஓர் உயிரை முடித்தது.

ஆகவே என் அறிவுரை இதுதான். சந்தோஷமாகப் போங்கள், தள்ளி நின்று பாருங்கள், ஒன்றையும் தொடாமல், ஒன்றையும் போடாமல் திரும்பி வாருங்கள். வந்த பிறகு மலையில் ஒரு சுருக்குக் கம்பியைக் கண்டால், நமக்கென்ன என்று தாண்டிப் போகாதே. தோட்டத்து உத்தியோகத்தரிடம் சொல்லு, அவர் கேட்காவிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தகவல் கொடு, உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லு. பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் கொஞ்சம் பணம் உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் மாமா