இளம் ஓட்ட வீரர்களும் இரும்புச் சத்தும்

நெடுந்தூர ஓட்டம் பயிலும் மாணவியின் வேகம் காரணமின்றிக் குறைந்தால், அதைச் சோம்பல் எனக் கருதலாகாது, இரத்தசோகை காரணமாயிருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இக்குறை இருந்தது. ஓடுவோர், வியர்வையாலும், பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் சிதைவதாலும் மேலும் இரும்பை இழக்கின்றனர்.

மைசூரு வட்டாரத்தின் அன்றாட உணவான கேழ்வரகில் இரும்பு உண்டு. ஆயினும் அதிலுள்ள பைட்டேட் அவ்விரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. முளைகட்டினால் தடை குறையும். உணவுடன் காப்பியைத் தவிர்த்து, எலுமிச்சை சேர்ப்பதும் பயன் தரும்.

வளரிளம் பருவத்தினருக்கு அரசு வாரந்தோறும் வழங்கும் 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரை தடுப்பு முறையே. நாள்தோறும் உட்கொள்வது இரத்தப் பரிசோதனைக்குப் பின், மருத்துவர் சொற்படியே நிகழ வேண்டும். மிகையான இரும்பு கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே, பயிற்சித் திட்டங்களில் ஹீமோகுளோபின், பெரிட்டின் சோதனைகளுக்கும் நிதி ஒதுக்குதல் இன்றியமையாதது.