பழைய லேண்ட் ரோவர் வாங்குமுன்

மலேசியாவின் கேமரன் மலையில், சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தா வட்டாரத்தில், காய்கறித் தோட்டக்காரர்களின் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன, கைமாறவும் செய்கின்றன. வாங்குபவர் காலையிலேயே போய்ப் பார்ப்பது நல்லது. இரவெல்லாம் குளிரில் நின்ற என்ஜின் தன் குறையை மறைக்காது. போனதுமே பானெட் சூடாக இருந்தால் சந்தேகப்படலாம்.

நீலப் புகை, எண்ணெய் எரிவதன் அடையாளம். வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு விடாமல் வந்தால் கூலண்ட் கசிவு. எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவா? பதற வேண்டாம், இந்த ஈரக் குளிரில் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் அது சகஜம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் விலகிவிடலாம்.

அருகிலுள்ள ரிங்லெட் ஊரின் ஏற்றத்தில் ஓட்டி, சூடு காட்டும் முள்ளைக் கவனிக்கவும்.

பெயர் மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பகோம் செய்யும் பி5 சோதனையில் என்ஜின், சேசிஸ் எண்களைச் சரிபார்ப்பார்கள். ஆனால் சிலிண்டர் தேய்மானத்தை அறிய, மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்ல வேண்டும்.